யோசனை சொல்லும் கம்பெனியில் திருமூர்த்தி

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், இலை போட்டுச் சோறு விழுவதற்குள் எழுந்துபோய்ச் சமையல் கொட்டகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிற ஆள் திருமூர்த்தி. சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து எப்படி இறக்குகிறார்கள், சாதத்தை எந்த வழியாகத் தூக்கி வருகிறார்கள், நடுவில் யார் யார்மேல் இடிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம் இருந்தது. அப்பா நஞ்சுண்டக் கவுண்டர் அவனைக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க அனுப்பினால், அரை நாளில் மாட்டை நிழலில் கட்டிவிட்டு அடுத்த தோட்டத்தில் எப்படித் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விடுவான். இவன் பண்ணையத்துக்கு ஆகமாட்டான் என்று கண்டுகொண்டுதான் அவர் அவனை மதராசுக்கு அனுப்பி, கிண்டியில் இஞ்சினீயர் படிப்புப் படிக்க வைத்தார்.

படித்து முடித்த சமயத்தில் பைகாராவிலிருந்து கோயமுத்தூருக்குக் கரண்ட் வந்தது. அவினாசி ரோட்டில் ஒரு மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிய மண் காய்வதற்குள் பக்கத்தில் இன்னொன்றுக்குக் கயிறு பிடித்தார்கள். நேற்றுவரை வெல்லமும் பருத்தியும் விற்றவர்கள் எல்லாம் மில் கட்டக் கிளம்பினார்கள். எந்த மெஷினை வாங்குவது, எங்கே நிறுத்துவது, எத்தனை ஆள் போடுவது என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகவே ஹேஸ்டன் அண்டு கிரே என்ற கம்பெனி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியைப் பிடித்து போர்டு மாட்டியது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் என்று எல்லா இடத்திலும் அதற்கு ஆபீஸ் இருந்தது. அது எதையும் செய்வதும் இல்லை, விற்பதும் இல்லை. மில்லுக்குப் போகும், பார்க்கும், இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று டைப் அடித்துக் கொடுக்கும்.

திருமூர்த்திக்கு அங்கே வேலை கிடைத்ததும் நஞ்சுண்டக் கவுண்டருக்கு ஒரே குழப்பம்.

"ஏங் கண்ணு, யோசனை சொல்றதுக்குன்னு ஒரு கம்பெனியா? சந்தைக்குப் போனா ஆளாளுக்குச் சும்மாவே சொல்லிப்போட்டுப் போறாங்களே."

"அது வேறீங்கப்பா. இது படிச்சுப்போட்டுச் சொல்றது."

"கேக்கறவன் கேட்டாச் சரி" என்றார் அவர்.

கேட்டார்கள். அதுதான் திருமூர்த்தியைக் கிறங்க வைத்தது. கோட்டும் தொப்பியுமாக அவன் ஒரு மில் வாசலில் இறங்கினால், அவன் அப்பா வயதுள்ள முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். தூத்துக்குடியில் நூல் மில், பெஜவாடாவில் பருத்திக் கிட்டங்கி, சோலாப்பூரில் நெசவு மில் என்று கம்பெனி அவனை விரட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் முதல் நாள் எதுவும் புரியாது. காடு மாதிரி இருக்கும். மெல்ல மெல்ல, பஞ்சு எங்கே தேங்குகிறது, ஆள் எங்கே சும்மா நிற்கிறான், எந்த பெல்ட் வீணாகச் சுழல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தட்டுப்படும். அந்த நேரத்தில் அவனுக்கு வருகிற சந்தோஷம், முயல் பிடிக்கப் போனவனுக்குப் புதர் ஆடினால் வருமே, அந்த மாதிரி.

சனிக்கிழமை கோயமுத்தூரில் இருந்தால் ஆபீசே திருவிழா. வெளியூர் போன இஞ்சினீயர்கள் எல்லாம் திரும்பியிருப்பார்கள். காப்பி வந்துகொண்டே இருக்கும். மேஜைமேல் படங்களை விரித்துப் போட்டு, நீ சொன்னது தப்பு, நான் சொன்னதுதான் சரி என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுவார்கள். யாருக்கும் தெரியாத சந்தேகமா? கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தால் பதில் வந்துவிடும். அவனுக்கு மூத்தவர் சுந்தரராஜுலு, கோயமுத்தூர்க்காரர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "திருமூர்த்தி, ஒரு மில்லுல முப்பது வருஷம் கிடந்தாலும் பாக்க முடியாததை நீ மூணு வருஷத்துல பாத்துட்ட. இந்தச் சம்பளத்தை விடு, அதுதாம்ப்பா சம்பளம்."

உண்மைதான். ஆனால் திருமூர்த்தி யோசனை சொன்ன ஒரு மெஷின்கூட ஓடி அவன் பார்த்ததில்லை. அது இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து சேர்வதற்குள் அவன் வேறு ஊரில் இருப்பான். அறிக்கையில் அவன் பெயர் இருக்காது. கம்பெனி பெயர்தான் இருக்கும். கோயமுத்தூர் ஆபீசுக்குத் தலைவரான ஹேஸ்டன் துரை நல்ல மனிதர், ஆனால் பொறுமை கிடையாது. "முடிந்ததா? அடுத்தது என்ன?" என்பார். தூத்துக்குடியில் சொன்னதைப் பேர் மாற்றி மதுரையில் சொல்வதும் உண்டு.

ஒரு தடவை பெஜவாடாவிலிருந்து வெகுநாள் கழித்து அவன் கோயமுத்தூர் வந்து இறங்கினான். ஸ்டேஷன் வாசலில் எப்போதும் நிற்கிற ஜட்கா வண்டிக்காரர் ஷேக் பரீத் பெட்டியை வாங்கி ஏற்றினார்.

"ஊட்டுக்குத்தானுங்களே?"

"ஆமாங்க பாய்."

குதிரை வழக்கமான திருப்பத்தில் திரும்பாமல் நேரே போனது. "பாய், இக்கட்டால திருப்போணும்" என்றான் திருமூர்த்தி.

ஷேக் பரீத் திரும்பிப் பார்த்தார். "அந்த ஊடு மாத்தியாச்சுங்களே. அம்மிணி உங்களுக்குச் சொல்லலீங்களா? நாந்தானுங்க சாமானெல்லாம் ஏத்திட்டுப் போனேன்."

அவன் மனைவி மயிலாத்தாள் கடிதம் எழுதித்தான் இருந்தாள். அது அவனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. புது வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, தன் வீட்டுக் கதவைத் தட்டுவதா, தள்ளுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. சோலாப்பூர் மில்லில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்த மெஷின் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இந்த வீட்டில் தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கும் என்று தெரியாது.

மயிலாத்தாள் திட்டவில்லை. "பழைய ஊட்டுல கெணறு வத்திப் போச்சுங்க. நீங்க வந்து பாக்கற வரைக்கும் பாப்பாவை வெச்சுட்டுத் தண்ணியில்லாம இருக்க முடியுங்களா?" என்றாள். பிறகு அவன் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். ஆணி எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் காங்கேயம் வேலை வந்தது. அப்புசாமிக் கவுண்டர் அங்கே ஜின்னிங் பேக்டரி வைத்திருந்தார். தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகக் கம்போடியாப் பருத்தி வரும். கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சருகையும் கறைபட்டதையும் பொறுக்கித் தள்ளுவார்கள். பிறகுதான் மெஷினில் போட்டுக் கொட்டையைப் பிரித்துப் பஞ்சை அமுக்கிப் பேல் பேலாகக் கட்டுவார்கள். திருமூர்த்தி போனபோது பருத்தி மல்லிகைப்பூ மாதிரி வந்துகொண்டிருந்தது. பெண்கள் பாதி நேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பொறுக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

பருத்தியை உதறிச் சுத்தம் செய்ய ஒரு மெஷின் போட்டு, பொறுக்கும் ஆட்களில் பெரும்பாலோரை நிறுத்திவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நாள் இருந்து பார்க்கவும் தோன்றியது. ஹேஸ்டன் துரை மதுரைக்கு டிக்கெட் வாங்கி வைத்துவிட்டார். தூத்துக்குடியிலும் இதே மெஷின்தானே, எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தான்.

அப்புசாமிக் கவுண்டர் அதைத் தமிழில் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "நெம்ப நல்லாருக்குதுங்க தம்பி. ஆனா இதை யாரு நடத்தறது? எம் பசங்க ரண்டு பேருக்கும் பண்ணையந்தான் தெரியும். நீங்களே வந்துருங்க. மேனேஜரா இருங்க. சொன்னதைச் செஞ்சு காட்டுங்க."

திருமூர்த்திக்குப் புதர் ஆடியது. சொன்னதைச் செய்து பார்ப்பது! கம்பெனியில் அவனுக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

சுந்தரராஜுலு தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "போறதுன்னா போ. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. இங்க நீ தப்புப் பண்ணினா கம்பெனி தாங்கும். யார் தப்புன்னுகூடத் தெரியாது. அங்க உன் முதுகுதான்."

"அதுக்குத்தானுங்க போறேன்."

"சின்ன வயசுங்கறது இதுதாம்ப்பா" என்று வெற்றிலையைத் துப்பப் போனார் அவர்.

குடும்பத்தோடு காங்கேயத்தில் குடியேறினான். மதராசில் ஏற்கெனவே கப்பலிலிருந்து இறங்கியிருந்த மெஷின் ஒன்று கிடைத்து, பங்குனி பிறப்பதற்குள் வந்து சேர்ந்தது. ஆட்களை நிறுத்தும் நாளும் வந்தது. அறிக்கையில் அது ஒரு வரி. இப்போது கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்று அவன் வாயையே பார்த்தார்கள். முன்னால் நின்றவள் பழனியாத்தாள். அவள் பேச்சுக்குத்தான் மற்றவர்கள் கட்டுப்படுவார்கள். பக்கத்தில் அவள் தங்கை ராசம்மாள். அவன், மெஷின் வந்துவிட்டதால் நாளையிலிருந்து வேலை இல்லை என்று சொன்னான்.

"நாங்க ஏதும் தப்புச் செஞ்சுபோட்டமுங்களா?" என்றாள் பழனியாத்தாள்.

"இல்லீங்க. தப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"தப்புச் செஞ்சிருந்தாலாச்சும் மனசு ஆறுமுங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் போனார்கள். அன்று மத்தியானம் திருமூர்த்தி வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

பங்குனியும் சித்திரையும் மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புசாமிக் கவுண்டர் உறவினர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். திருமூர்த்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வைகாசியில் மழை பெய்தது. செடி மறுபடி தழைத்துக் காய் வைத்தது. ஆனி பிறந்ததும் இரண்டாம் எடுப்புப் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கியது. திருமூர்த்தி ஒரு கை அள்ளிப் பார்த்தான். மஞ்சள் ஏறிய சுளை, புழு தின்ற சுளை, நனைந்து ஒட்டிய இலை. பாதிக்குமேல் சரியாக விரியாத கொட்டுப் பருத்தி. அவன் மாசியில் பார்த்த பருத்திக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மெஷினில் போட்டால் அது சருகை வெளியே தள்ளாமல் தூளாக்கிப் பஞ்சோடு கலந்துவிட்டது. உருளையை நெருக்கிப் பார்த்தான், தளர்த்திப் பார்த்தான், பருத்தியை வெயிலில் காயப்போட்டுப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை.

கோயமுத்தூர் மில்லிலிருந்து பஞ்சு வாங்க வந்த சீனிவாசலு, ஒரு பேலைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி இழுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, மூக்குப்பொடி தூவின மாதிரி?"

"எப்பவும் பேலைப் பிரிச்சுப் பாக்க மாட்டீங்களே?" என்றான் திருமூர்த்தி.

"முந்தி பாக்கறதில்லீங்க. ஒரு கம்பெனிக்காரங்க வந்து, ஒவ்வொரு லாட்டுலயும் ஒண்ணு பிரிச்சுப் பாக்காம வாங்காதீங்கன்னு எங்க முதலாளிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க."

எழுதிக் கொடுத்தது யாரென்று திருமூர்த்திக்குத் தெரியும். அந்த மில்லுக்குப் போனவன் அவன்தான். சீனிவாசலுவிடம் அதைச் சொல்லவில்லை. லாட்டு முழுவதும் திரும்பக் கிட்டங்கிக்கே போயிற்று.

சாயங்காலம் அப்புசாமிக் கவுண்டரிடம் போய் நின்றான். "தப்பு என்னோடதுங்க. ஒரே ஒரு பருவத்தைப் பாத்துப்போட்டு எழுதிட்டேன்."

அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "நீங்க கம்பெனியிலயே இருந்திருந்தா இன்னேரம் எங்க இருப்பீங்க?"

"பெஜவாடாவுலயோ சோலாப்பூர்லயோ இருப்பேனுங்க."

"இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"கெட்டிக்காரன் போயிட்டான்னு நானும் உங்களை மெச்சிக்கிட்டே நஷ்டப்பட்டிருப்பேன்" என்று சொல்லி, கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, உக்காந்து ஆகறதென்ன? ஆளுகளைப் போய்க் கூட்டியாங்க. நாஞ் சொல்லி விடமாட்டேன். நீங்களே போங்க."

பழனியாத்தாள் வெள்ளகோவில் ரோட்டில் ஒரு தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, வரப்பில் போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். களைக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.

"மறுபடியும் பொறுக்க ஆள் வேணுமுங்க" என்றான்.

"மெஷின் என்னாச்சுங்க?"

"இந்தப் பருத்திக்கு அது ஆகலீங்க."

அவள் சிரிக்கவில்லை. "போகச் சொன்னதும் நீங்க, வரச் சொல்றதும் நீங்க. நடுவுல இத்தனை பேரும் என்ன தின்னோம்னு கேக்க ஒரு ஆள் வரலீங்களே."

எல்லா மில்லிலும் கேள்வி கேட்டுப் பழகியவன், வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

"வாரமுங்க" என்றாள் கடைசியில். "ஆனா பருவம் முடிஞ்சு நிறுத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிப்போடோணும். இன்ன கிழமைன்னு சொன்னா வேற வேலை தேடிக்குவோம். கொட்டகையில வேலைக்கு வந்து நிக்கறபோது சொல்லக் கூடாது."

"சொல்றேனுங்க. உங்க தங்கச்சியையும் கூட்டியாங்க."

"அவ எங்கீங்க இருக்கறா? புருசனும் பொண்டாட்டியும் கங்காணியோட ஆனமலைக்குத் தேயிலை பறிக்கப் போயிட்டாங்க."

திருமூர்த்தி பஸ் பிடித்துப் பொள்ளாச்சிக்குப் போனான். கங்காணியைக் கண்டுபிடித்துக் கேட்டுப் பார்த்தான். ஒப்பந்தம் முடியும்வரை யாரையும் எஸ்டேட்டிலிருந்து இறக்க முடியாது என்று கங்காணி சொல்லிவிட்டார். மழையும் காய்ச்சலுமாக இருக்கும் மலை அது. ராசம்மாளைப் பற்றிக் கேட்டால், "இருக்காளுங்க, இருக்காளுங்க" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவள் திரும்பி வந்தது ரொம்ப நாள் கழித்து. அதன் பிறகும் பேக்டரிக்கு வரவில்லை. அதைத் திருமூர்த்தி யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த வருஷம் முதல் எடுப்புக்கு மெஷினும் இரண்டாம் எடுப்புக்கு ஆட்களுமாகப் பிரித்து வைத்தான். பஞ்சு சுத்தமாகப் போனது. சீனிவாசலு பேலைப் பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டச் சொன்னார். பழனியாத்தாளுக்குச் சொன்னபடி முன்கூட்டியே சொல்லித்தான் நிறுத்தினான். இடைப்பட்ட நாட்களுக்குப் பருத்திக்கொட்டைக் கிட்டங்கியில் சிலருக்கு வேலையும் ஏற்பாடு செய்தான். எல்லோருக்கும் முடியவில்லை.

எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் அவனுக்குப் பழைய வியாதி வந்துவிட்டது. மெஷின் சத்தம் ஒரே மாதிரி கேட்டது. அதில் தேட ஒன்றுமில்லை. எண்ணெய் என்ஜினில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. காங்கேயத்தில் இஞ்சினீயர் என்றால் அவன் ஒருத்தன்தான். சனிக்கிழமைச் சண்டைகளை நினைத்துக்கொள்வான். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கோயமுத்தூர் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பான். யாரும் அவனைத் தேடி இறங்கவில்லை. ஆனாலும் பார்ப்பான். பக்கத்து எண்ணெய் ஆலைக்காரர் கூப்பிடாமலே அங்கே போய், செக்கின் பக்கத்தில் நின்று, கொப்பரைச் சாக்கை ஏன் அந்த மூலையில் அடுக்குகிறீர்கள் என்று கேட்டான். அவர் முறைத்துப் பார்த்தார்.

கம்பெனிதான் தன்னைக் கால் தரிக்க விடாமல் அடித்தது என்று அவன் நினைத்திருந்தான். கம்பெனி இல்லாத இடத்திலும் கால் தரிக்கவில்லை. அது தன்னோடு பிறந்தது. கம்பெனி அதற்குச் சம்பளம் கொடுத்தது, அவ்வளவுதான் என்று மெல்ல விளங்கியது. விளங்கியதில் அவனுக்குச் சந்தோஷமும் இல்லை.

ஒரு நாள் பஸ்ஸிலிருந்து சுந்தரராஜுலு இறங்கினார். ஹேஸ்டன் துரை ஊருக்குக் கப்பலேறிவிட்டார். கோயமுத்தூர் ஆபீஸ் இப்போது தன் கையில் என்றார். குண்டூரில் பருத்தி வேலை பெரிசாக வந்திருக்கிறது, போக ஆள் இல்லை.

"வர்றியாப்பா?"

"ஒரு நிபந்தனைங்க. மெஷின் ஓட ஆரம்பிச்ச பொறவு, மோசமான பருவத்துல நான் இன்னொரு தடவை போய்ப் பாக்கோணும்."

"அதுக்கு மில்லு முதலாளி எதுக்குக் காசு குடுப்பான்?"

"எனக்கு லீவு குடுங்க. லீவுல போய்க்கறேன்."

சுந்தரராஜுலு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பெனிக்கு நீ முன்னாடி மாதிரி ஆகமாட்ட. வேகம் போயிடுச்சு உனக்கு. சரி, வா."

திருமூர்த்தி வீட்டுக்குள் வந்தான். மயிலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"போகலாமுங்களா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு இங்க சரியா இருக்குதே அம்மிணி. பாப்பாவும் இப்பத்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்குது."

"உங்களைக் கட்டிப் போட்டாலும் நிக்க மாட்டீங்க. இந்த ரண்டு வருசமா நானும் பாக்கறேனுங்க, வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து தரையே தேஞ்சு போச்சு. போலாம். ஆனா இந்தத் தடவை நீங்க போய்ப்போட்டுக் கடுதாசி போடறதெல்லாம் வேண்டாம். நாங்களும் கூடவே வாரோம். குண்டூர்ல ஊடு நான் பாத்துத்தான் புடிப்பேன்."

அப்புசாமிக் கவுண்டர் வருத்தப்பட்டார், ஆனால் தடுக்கவில்லை. இளைய மகனைத் திருமூர்த்தியோடு ஒரு பருவம் முழுக்க நிற்க வைத்து வேலை பழக்கிவிட்டுத்தான் அனுப்பினார். பழனியாத்தாளிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது, "அடுத்தாப்பல வர்றவருகிட்ட நம்ம பேச்சைச் சொல்லிப்போட்டீங்களா?" என்றுதான் அவள் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றான். "சரி, போயிட்டு வாங்க" என்று பருத்தியைப் பார்க்கக் குனிந்துகொண்டாள்.

குண்டூரில் அவன் வேலை பழைய வேகத்தில் நடக்கவில்லை. வெயில் காலத்தில் போனவன், மழைப் பருத்தியையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்துகொண்டான். முதலாளி கோயமுத்தூருக்குத் தந்தி அடித்தார். சுந்தரராஜுலு இவனுக்குத் தந்தி அடித்தார். இவன் பதில் போடாமல் குடையைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கி வாசலில் வானத்தைப் பார்த்து நின்றான். நின்ற இடத்தில் நிற்காமல், வண்டிகளை இன்னும் கொஞ்சம் அக்கட்டால தள்ளி நிறுத்தி அவிழ்த்தால் என்ன என்று யோசித்துக்கொண்டு நடந்தான்.

வீட்டு வாசலில் மயிலாத்தாள் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கத்தரிக்காய்க்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, அடுத்தது எந்த ஊருங்க?"

"தெரியலியே அம்மிணி. ஏன்?"

"இல்ல, அங்க என்ன பாசைன்னு தெரிஞ்சா இப்பவே ரண்டு வார்த்தை கேட்டு வெச்சுக்கலாம்னுதான்" என்று சொல்லி, மோரை ஊற்றினாள். திருமூர்த்தி மோர் சாதத்தைப் பிசைந்தபடி ஜன்னலைப் பார்த்தான். மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து குடையை எடுத்தான்.